உயிரோடிருக்கும் நாம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். வயது 41. எட்டு வயதில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது, யாரும் இல்லை. இயேசு வந்து அம்மாவை எடுத்துக்கொண்டுவிட்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அழுதபடி தெருவில் ஓடினேன். அம்மா இரண்டு வீடு தள்ளிப் பேசிக்கொண்டிருந்தார். 2000த்தில் இயேசுவின் இரண்டாம் வருகை என்றார்கள், பிறகு கொரோனாதான் கடைசி அடையாளம் என்றார்கள். இப்போது எங்கள் பாஸ்டர் 1948ஐ வைத்துப் புதிய கணக்கு சொல்கிறார். அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. “அதுக்குள்ள அவர் வந்துடுவார்” என்று ஆபரேஷனை மறுக்கிறார். தம் வருகையின் அடையாளங்களைச் சொல்லிவிட்டு, இவையெல்லாம் நடக்குமுன் “இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது” என்று மத்தேயு 24இல் இயேசு சொல்லும் வசனத்தில் என் விசுவாசம் தட்டி நிற்கிறது. இப்படிச் சந்தேகப்படுவது பாவமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பால் வழிந்த அடுப்பு எங்கள் காட்பாடி வீட்டிலும் இருந்தது. வீடு காலியாக இருந்தால் நான் தெருக்குழாயடிக்கு ஓடி, உபதேசியாரின் மனைவி குடத்தோடு நிற்கிறாரா என்று பார்ப்பேன். அவரே இங்கே இருக்கிறார் என்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்பது என் கணக்கு. குழந்தையை இப்படி நடுங்கவைக்கும் ஒரு போதனையைப் பற்றிப் பெரியவர்கள் ஒருமுறையாவது யோசித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னமும் உண்டு.

விசுவாசிகள் சத்தமில்லாமல் மறைந்துபோவார்கள் என்ற அந்த இரகசிய வருகைப் போதனை அப்போஸ்தலர் காலத்திலிருந்து இதே வடிவில் வந்ததன்று. 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் அதற்கு வடிவம் கொடுத்தார்; 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. டார்பியின் ‘பிரதரன்’ எனப்படும் சகோதரர் சபை வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், அந்நாளில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூரில்தான் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார் என்பதால், இந்த வரலாறு நமக்கு அத்தனை தூரத்தில் இல்லை.

தேதி குறித்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1844 அக்டோபர் 22ஐ நம்பி அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரின் ஆட்களில் சிலர் விளைச்சலை அறுக்காமல் வயலிலேயே விட்டுக் காத்திருந்தார்கள். 1881ஐ நம்பித் திருவிதாங்கூரில் யூயோமயம் என்ற கிறிஸ்தவச் சபையார் காத்திருந்தார்கள். உங்கள் பாஸ்டரின் கணக்கும் பழையதுதான். இஸ்ரவேல் உருவான 1948உடன் ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டுகளைக் கூட்டி 1988 என்றார்கள்; அது பொய்த்ததும், 90ஆம் சங்கீதம் மனித ஆயுளாகச் சொல்லும் 80 ஆண்டுகளை எடுத்துக் கூட்டி 2028 என்கிறார்கள்.

உங்கள் சிக்கல் இவர்களிடம் இல்லை, வசனத்திலேயே இருக்கிறது என்று நீங்கள் கண்டுகொண்டதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். “சந்ததி” என்பது யூத இனம் என்றும், அடையாளங்களைக் காணப்போகும் கடைசித் தலைமுறை என்றும் பிரசங்கிகள் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அதே மத்தேயுவில் “இந்தச் சந்ததியை யாருக்கு ஒப்பிடுவேன்” என்று இயேசு கேட்கும்போது எதிரே நின்றவர்களைத்தான் சொல்கிறார். 24ஆம் அதிகாரத்தில் மட்டும் அந்தச் சொல் வேறு பொருள் கொள்ள வேண்டிய காரணத்தை எவரும் எனக்கு விளங்கவைத்ததில்லை. 70ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயம் இடிந்ததோடு அது நிறைவேறிவிட்டது என்போரின் விளக்கம் பாதி வசனங்களுக்குப் பொருந்துகிறது, மேகங்களின்மேல் வருவதைப் பற்றிய மீதிக்குப் பொருந்தவில்லை.

அப்போஸ்தலர் பவுலும் தம் காலத்திலேயே வருகையை எதிர்பார்த்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது “கர்த்தருடைய வருகைமட்டும் உயிரோடிருக்கும் நாம்” என்கிறார். கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்தது. அவர்கள் “நாம்” என்று எழுதியதால் பவுலோடும் தெசலோனிக்கேயரோடும் குடியாத்தத்தில் அதை வாசிக்கும் உங்கள் அம்மாவும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டார். அவர் அந்த வசனத்தைத் தமக்கு வந்த கடிதமாகவே வாசிக்கிறார் என்றால் அது அவருடைய அறியாமை அன்று, தமிழ் வேதாகமம் அப்படித்தான் அவரிடம் பேசுகிறது.

ஆனால் அந்த “நாம்” எல்லோரும் மரித்து நித்திரையடைந்துவிட்டார்கள். அதைச் சபை உடனே கவனித்தது. “அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?” என்ற கேள்வி, புதிய ஏற்பாட்டில் பிந்தி எழுதப்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் பேதுருவின் இரண்டாம் நிருபத்திலேயே பதிவாகியிருக்கிறது. நிருபம் அதைப் பரியாசக்காரர் வாயில் வைக்கிறது என்பது மெய்தான். ஆயினும் சபைக்குள் எவரையும் உறுத்தாத கேள்விக்கு, கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்று அவ்வளவு பரிவோடு பதில் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தந்ததில்லை. மாற்கில் “குமாரனும் அறியார்” என்று வருகிற இடமே என்னைச் சபையில் உட்காரவைத்திருக்கிறது. தமக்குத் தெரியாது என்று சொன்ன ஒருவரை என்னால் நம்ப முடிகிறது. ஆகவே உங்கள் சந்தேகத்தைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

அம்மாவிடம் 2028ஐப் பற்றி வாதாட வேண்டாம். நீங்கள் தோற்றுப்போவீர்கள், வென்றால் அவருக்கு வலிக்கும். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1902இல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரிதான் இன்று ஆரணி சாலையில் கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறது. அதைக் கட்டியவர்களும் வருகையை நம்பி ஜெபித்தவர்களே என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால், “கண்கள் யாவும் அவரைக் காணும்” என்று வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரத்தில் இருப்பதை எடுத்துக் கொடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்பார். நீங்களே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.