சண்டைக்கென்றே மரபணு மாற்றிய சேவல் குஞ்சு வாங்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க அய்யா. அரவக்குறிச்சிப் பக்கம் 2 ஏக்கர் முருங்கையோட பெருவிடைச் சண்டைக் கோழியும் வளர்க்கிறேன். எங்கப்பா காலத்துல இருந்து வர்ற கீரி, வல்லூறு நிற வழி. பெட்டை 12, சேவல் 4 இருக்குதுங்க. போன மாசம் ஒரு வியாபாரி வந்தார். வெளிநாட்டு ஆய்வகத்துல மரபணு மாத்தின குஞ்சு, ஜோடி 15,000 ரூபாய்னார். வலியே தெரியாதாம், பின்வாங்காதாம், இன்னும் பத்து வருசத்துல களத்துல இதுகதான் நிக்குமாம். பையன் வாங்கியே ஆகணும்ங்கிறான். இப்படி ஒரு சேவல் நெசமாவே இருக்குதுங்களா? நம்ம பெட்டையோட சேர்த்தா வழி மேம்படுமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். இனி எழுதுவதை மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

மரபணுவைத் திருத்துவது என்பது கட்டுக்கதை இல்லை. காஷ்மீரில் உள்ள ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம், மரபணு திருத்திய இந்தியாவின் முதல் செம்மறிக் குட்டியை 2025 மே மாதம் அறிவித்தது. தசை அளவுக்கு மீறி வளராமல் பிடித்து வைக்கும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவைத்தான் அதில் திருத்தினார்கள். அர்ஜென்டினாவில் போலோ ஆட்டத்துக்காக அதே மரபணுவைத் திருத்திய ஐந்து குதிரைக்குட்டிகள் 2024 கடைசியில் பிறந்தன. அந்நாட்டுப் போலோ சங்கமே அவற்றை ஆட்டத்தில் இறக்க ஒப்புக்கொள்ளவில்லை.

கோழியில் இந்த வேலை இன்னும் கடினம். பெட்டை முட்டையிடும் நேரத்திலேயே உள்ளே இருக்கும் கரு 40,000 முதல் 60,000 செல்களாகப் பிரிந்திருக்கும். ஆட்டுக் கருவைப் போல ஒற்றைச் செல்லாக இருக்கும்போது பிடிக்க முடியாது. பின்னாளில் விந்தாகவும் முட்டையாகவும் மாறப்போகும் செல்களை இளங்கருவின் ரத்தத்திலிருந்து எடுத்து, வளர்த்து, திருத்தி, வேறொரு கருவுக்குள் செலுத்த வேண்டும். அந்தக் குஞ்சு வளர்ந்து இணை சேர்ந்த பிறகு, அதன் குஞ்சுகளில்தான் திருத்தம் முழுமையாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனம் பறவைக் காய்ச்சலை ஓரளவு தாங்கும் கோழியை இந்த வழியில்தான் உருவாக்கி 2023-ல் வெளியிட்டது. நோயை எதிர்க்க ஒரு மரபணுவைத் தொடுவதற்கே இவ்வளவு பாடு. சண்டைக் குணம் ஒரே மரபணுவில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. உடல்வாகு, சுரப்பிகள், மூளை, வளர்ப்பு எல்லாம் சேர்ந்தது அது. ஆக, அந்த வியாபாரி விற்கும் குஞ்சு தாய்லாந்துச் சேவலோ ஜப்பானின் ஷாமோ சண்டைச் சேவலோ கலந்த கலப்பாகத்தான் இருக்கும்.

ஊசி போட்ட சேவலைக் காட்டி அதன் குஞ்சு என்று விற்பதும் உண்டு. ஆண் சுரப்பு ஊசி தொடர்ந்து போட்ட சேவலுக்கு விதை சுருங்கும், முட்டையில் கரு பிடிக்காது. ஸ்டீராய்டு போட்டதற்கு எதிர்ப்புச் சக்தி விழும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் முதலில் சாவது அதுதான். தகப்பன் சேவல் என்று எதையாவது காட்டினால், அது மிதித்த பெட்டையின் முட்டைகளை அடைவைத்து ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வியாபாரி அதற்குமேல் நிற்க மாட்டார்.

இப்போது அந்த ‘வலி தெரியாது, பின்வாங்காது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். குப்பைமேட்டில் இரண்டு சேவல் தானாக மோதிக்கொள்வதை நீங்கள் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். நாலு எத்து எத்தும், ஒன்று தலையைத் தாழ்த்தி ஓடும், மற்றது கூவும். அதோடு சரி. ஓடுவதற்கு இடம் இருப்பதால்தான் இரண்டும் பிழைக்கின்றன. களம் என்பது அந்த இடத்தை எடுத்துவிடுவது. தலைமுறை தலைமுறையாக ஓடும் சேவலை அறுத்து, நிற்கும் சேவலை மட்டும் வழிக்கு விட்டு, ஓடும் புத்தியையே நாம் குறைத்துவிட்டோம். மிச்சமிருப்பதையும் ஊசிமுனையில் பிடுங்கிவிடலாம் என்பதுதான் அந்த வியாபாரி சொல்லும் எதிர்காலம்.

வலி இல்லாமை வரம் இல்லை. வட பாகிஸ்தானில் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத குழந்தைகள் இருந்தார்கள். ஒரே ஒரு மரபணு பழுதானதே காரணம் என்று 2006-ல் கண்டறிந்தார்கள். அவர்கள் தங்கள் நாக்கையும் உதட்டையும் தாங்களே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். அதில் ஒரு சிறுவன் தெருவில் கையில் கத்தியைக் குத்தி வித்தை காட்டிப் பிழைத்தவன். 14 வயது முடியும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி தெரியாத சேவலும் அப்படித்தான். காலில் முள் ஏறிச் சீழ் வைத்தாலும் நொண்டாது, நீங்களும் பார்க்க மாட்டீர்கள். களத்துக்கு மறுநாள் காலையில் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்த சேவல்களுக்கு எத்தனையோ தையல் போட்டிருக்கிறேன். கண் போனதுகூடத் தெரியாமல் என் சட்டைப் பொத்தானைக் கொத்தப் பாய்ந்த ஒரு மயில் நிறச் சேவல் இன்னும் நினைவில் நிற்கிறது. அதற்கு வீரம் என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தசை கூடினால் நல்லதுதானே என்று மகன் கேட்பார். அதே மயோஸ்டாட்டின் இயற்கையாகவே பழுதான பெல்ஜியன் புளூ மாட்டுக்குப் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்கிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்கை விலங்கோடு மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் காளைகளுக்கு மட்டும்தான். மரபணு மாற்றிய உயிரை அனுமதியில்லாமல் இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு. 2022-ல் வந்த தளர்வு சில வகைப் பயிர்களுக்குத்தான், கோழிக்கு இல்லை. ஆக, அந்த வியாபாரி சொன்னது உண்மையானால் உங்கள் மேல் வழக்கு வரும். பொய்யானால் உங்கள் பணம் போகும்.

வழி மேம்படுமா என்று கேட்டீர்களே, கெடும். 12 பெட்டை என்பது சின்னக் கூட்டம். ஒரே ஒரு கலப்புச் சேவல் ஒரு வருடம் மிதித்தால் உங்கள் அப்பா காத்த கீரியும் வல்லூறும் குஞ்சுகளில் கலைந்துவிடும். உங்கள் பெருவிடை அசில் இனம்தான். அதன் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். இங்கிருந்து கப்பலேறிய அசிலின் ரத்தம் இங்கிலாந்தின் கார்னிஷ் கோழியில் ஓடுகிறது. இன்றைய பிராய்லரின் தகப்பன் வழி அந்தக் கார்னிஷ்தான். இசத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் அசிலைக் கலந்து ‘காரி நிர்பீக்’ என்ற புறக்கடைக் கோழியை உருவாக்கியது. உங்கள் கூட்டிலிருப்பது அந்தச் சொத்து. அதைத் தாய்க்கோழியாகவும், அடைமுட்டையாகவும், கறிக்கும் விற்கலாம்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாலு சேவலுக்கும் நாலு நிறத்தில் கால் வளையம் போட்டு, எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு, குஞ்சு எத்தனை தேறியது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். கூடப்பிறந்ததுகளைச் சேர்க்காமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நம்பகமான பக்கத்து ஊர் வளர்ப்பாளரிடம் சேவலை மாற்றிக்கொள்ளட்டும். குஞ்சுக்கு 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு, 8-ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் கழிச்சல் ஊசி தவறக் கூடாது.

ஒருவேளை இதைப் படிக்கும் முன்பே அந்த ஜோடி வீட்டுக்கு வந்திருந்தால், உங்கள் கோழிகளோடு விடாதீர்கள். ஒரு மாதம் உங்கள் கூட்டைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில் தனிக்கூண்டு, தனித் தண்ணீர்த் தட்டு, கடைசியாகத் தீனி வைத்துவிட்டுக் கைகால் கழுவுதல். சளியோ பச்சைக் கழிச்சலோ கண்டால் அன்றைக்கே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.