பனாமா வழியாகக் குரூஸ்: ஊசிக்கு முன்னால் டிக்கெட் தேதியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. கோவையில் இருக்கிறோம். எனக்கு சுகரும் பிரஷரும் உண்டு. மனைவி முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். ஜனவரியில் ஃபுளோரிடாவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். மகள், மருமகன், 4 வயதுப் பேரனோடு ஃபோர்ட் லாடர்டேலில் கப்பல் ஏறுகிறோம். கோஸ்டா ரிகாவின் லிமோன், பனாமா கால்வாய், பனாமாவின் கொலோன் துறைமுகம், கடைசியாகக் கொலம்பியாவின் கார்டஹேனா என்று சுற்றிவிட்டுத் திரும்பும் குரூஸ் அது. கார்டஹேனாவில் சனிக்கிழமை மதியம் கிளம்பினால் செவ்வாய் காலை ஃபோர்ட் லாடர்டேல். அன்று இரவே எங்களுக்குச் சென்னை விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். அதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள் மகளின் நண்பர்கள். என்னென்ன ஊசி போட வேண்டும், வேறு எதில் கவனம் தேவை?

பதில்:

ஏஜென்ட் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகளின் நண்பர்கள் சொல்வதிலும் இருக்கிறது. அந்த நண்பர்கள் இப்படிக் குரூஸ் போனாலும் திரும்புவது அமெரிக்காவுக்குத்தான். நீங்கள் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள். அமெரிக்கா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை, இந்தியா கேட்கும். அதனால் உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது விமான டிக்கெட்.

நம் நாட்டு விதி இதுதான்: மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு என்று பட்டியலிடப்பட்ட ஒரு நாட்டிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. பனாமாவும் கொலம்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன. கோஸ்டா ரிகா இல்லை. நாட்டின் எந்த மூலைக்குப் போனீர்கள் என்பது கணக்கில் வராது. கார்டஹேனாவில் அரை நாள் இறங்கி நடந்தாலும் கொலம்பியா போய் வந்தவர்தான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சனி மதியம் கார்டஹேனாவை விட்டுக் கிளம்புகிறீர்கள். செவ்வாய் இரவு விமானம் என்றால் வியாழக்கிழமை சென்னையில் இறங்குவீர்கள். ஐந்து நாள்தான் ஆகியிருக்கும். சான்றிதழ் இல்லாமல் அப்படி வந்தால் தனிமை வார்டுக்கு அனுப்பச் சட்டப்படி இடம் இருக்கிறது. திரும்பும் டிக்கெட்டை அந்த வார ஞாயிற்றுக்கிழமைக்கோ அதற்குப் பிறகோ மாற்றினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படி மாற்றுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கார்டஹேனாவில் கிளம்பிய தேதி தெரியும்படி கப்பலின் பயண அட்டவணையையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

ஊசியையே போட்டுக்கொண்டால் என்ன என்று நினைப்பீர்கள். இளைஞராக இருந்தால் நானே போடச் சொல்வேன். ஒருமுறை போட்டால் 10 நாளில் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுபவர்களில் வெகு சிலருக்கு, அந்த வைரஸே பெருகி ஈரல் போன்ற உறுப்புகளையோ நரம்பு மண்டலத்தையோ தாக்குவதுண்டு. லட்சத்தில் ஒன்றிரண்டு பேர் என்ற அளவில்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மனைவிக்கு வயதோடு மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு இந்த ஊசி வேண்டாம். ஊசிக்காக மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், மூட்டு வலி திரும்பக் கிளம்பிவிடும்.

அப்படியானால் ஊசி இல்லாமல் போவது ஆபத்தில்லையா? கொலம்பியாவில் 2025இல் மஞ்சள் காய்ச்சல் கூடியது உண்மை. அரசு சுகாதார அவசரநிலையே அறிவித்தது. அதன் மையம் கார்டஹேனாவிலிருந்து வெகு தொலைவில், உள்நாட்டில் இருக்கும் டோலிமா மாகாணம். பனாமாவில் ஆபத்தான பகுதி கால்வாய்க்குக் கிழக்கே உள்ள டாரியன் காட்டுப் பக்கம். கார்டஹேனாவின் பழைய கோட்டை நகரத்தில் சில மணி நேரம், கால்வாயைக் கப்பல் மேல்தளத்திலிருந்து பார்ப்பது, கொலோனில் ஒரு சுற்று என்றால் ஆபத்து மிகக் குறைவு. அதை ஊசியின் ஆபத்தோடு நிறுத்துப் பார்த்தால், உங்கள் இருவருக்கும் ஊசி இல்லாமல் போவதே மேல் என்பது என் தீர்மானம். காட்டுக்குள் கூட்டிப்போகும் சுற்றுலாவைப் பனாமாவிலும் கொலம்பியாவிலும் தவிர்த்துவிடுங்கள். பயணத்துக்கு முன்னால் அங்குள்ள நிலவரத்தை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை மாற்றவே முடியாது என்றால், ஊசி போடக்கூடாத காரணத்தை எழுதி மருத்துவர் விலக்குச் சான்று தரலாம். ஆனால் அதை ஏற்பதா இல்லையா என்பது இறங்கும் இடத்து சுகாதார அதிகாரியின் கையில். அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

உங்கள் பயணத்தில் லிமோன் முதலில் வருவது நல்லதாகப் போயிற்று. கொலம்பியாவிலிருந்து வருபவர்களிடம் கோஸ்டா ரிகாவும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு. கப்பல் கம்பெனிகள் துறைமுகங்களின் வரிசையைக் கடைசி நேரத்தில் மாற்றுவதுண்டு. அதனால் 'இந்தப் பயணத்துக்கு எங்கள் வயதுக்காரர்களிடம் எந்தச் சான்றிதழ் கேட்பீர்கள்' என்று மகளை ஈமெயிலில் கேட்கச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வயது குறைந்த வாசகர்கள் யாராவது இதே பாதையில் போவதாக இருந்தால், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகத்திலோ ஊசி போட்டுக்கொள்ளலாம். அசல் பாஸ்போர்ட் வேண்டும். ஊசி போடும் நாளை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். சாதாரண ஆஸ்பத்திரியில் போட்டால் சான்றிதழ் கிடைக்காது.

நம் நாடு இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் ஊருக்குள் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது, மக்களில் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது, வைரஸ் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் பார்க்கப்போகும் கால்வாயே சாட்சி. 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் அதை வெட்டத் தொடங்கி, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் 20,000க்கும் அதிகமானவர்களைப் பறிகொடுத்துக் கைவிட்டார்கள். 1904இல் அமெரிக்கர்கள் எடுத்தபோது வில்லியம் கோர்கஸ் என்ற ராணுவ மருத்துவர் தேங்கிய தண்ணீரையெல்லாம் வடிக்கவும், மூடவும், எண்ணெய் ஊற்றவும் வைத்துக் கொசுவை ஒழித்தார். 1914இல் கால்வாய் திறந்தது. விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்கும் அதிகாரி மீது எனக்கு மரியாதை உண்டு.

சரி, மற்ற ஊசிகள். ஃப்ளூ ஊசி இருவரும் கட்டாயம் போடுங்கள், கிளம்புவதற்கு 2 வாரம் முன்னாலேயே. கப்பலில் பல நாட்டுக்காரர்கள் ஒரே உணவுக்கூடத்தில், ஒரே லிஃப்டில். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோவிட் பரவியது நினைவிருக்கும். 65 வயது தாண்டி, சுகரும் இருப்பதால் உங்களுக்கு நிமோனியா தடுப்பூசியும் தேவை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பதால் உங்கள் மனைவிக்கும் தேவை. இவை உயிருள்ள ஊசிகள் இல்லை, மெத்தோட்ரெக்ஸேட்டோடு போடலாம். ஃப்ளூ ஊசி நன்றாகப் பிடிக்க அந்த மாத்திரையை 2 வாரம் நிறுத்தி வைக்கலாமா என்று மட்டும் மூட்டு மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு அப்படிச் செய்யச் சொல்வதுண்டு. டெட்டனஸ் போட்டு 10 வருஷம் தாண்டியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

மஞ்சள் காமாலை ஏ வகை ஊசியை அமெரிக்க வழிகாட்டிகள் எல்லோருக்கும் எழுதுவார்கள். நம் ஊரில் வளர்ந்த உங்கள் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே அது வந்து போய், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். டைபாய்டுக்கு ஒரே டோஸில் முடியும் கான்ஜுகேட் ஊசி இங்கேயே கிடைக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்றால், அவனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது டோஸ் முடிந்துவிட்டதா என்று குழந்தை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

டெங்குவைத்தான் நான் இந்தப் பாதையில் அதிகம் கவனிக்கச் சொல்வேன். 2024இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் 1.2 கோடிக்கும் மேல் டெங்கு பதிவானது, அதுவரை இல்லாத அளவு. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. நீங்கள் கரையில் இறங்கி நடப்பதும் பகலில்தான். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாகும். கொசுவை விரட்டும் டீட் (DEET) என்ற மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள கிரீமை அமெரிக்காவில் எந்த மருந்துக் கடையிலும் வாங்கலாம். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு அதன் மேல் கொசு கிரீம். கணுக்காலையும் கழுத்தின் பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மலேரியா மாத்திரை, பகலில் ஊரைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறும் இந்தத் திட்டத்துக்குப் பொதுவாகத் தேவைப்படாது. கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ கூட வந்தால் கருவைப் பாதிக்கும் ஜிக்கா வைரஸ் காரணமாகப் பிரசவ மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது.

கப்பலுக்குள் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நோரோவைரஸ். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் சானிடைசருக்கு அது எளிதில் சாகாது. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். பஃபேயில் ஆயிரம் பேர் தொட்ட கரண்டியைப் பிடித்து எடுத்துப் போட்டுக்கொண்டு, அதே கையால் சாப்பிட உட்காருகிறோம். தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவிய பிறகு சாப்பிடுங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி சுத்தத்துக்காகச் சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் கீழ் என்றால் தோல்வி. கப்பல் பெயரைப் போட்டு மகள் இணையத்தில் பார்த்துவிடலாம்.

கரையில், வெட்டி வைத்த பழம், ஐஸ், பச்சை மீனை எலுமிச்சையில் ஊறவைத்துத் தரும் செவிச்சே மூன்றும் வேண்டாம். கார்டஹேனாவில் வண்ண உடையில் தலையில் பழக்கூடையோடு வரும் பெண்களிடம் தோலோடு வாழைப்பழமோ மாம்பழமோ வாங்கி நீங்களே உரித்துச் சாப்பிடுங்கள். அவர்கள் வெட்டித் தருவதை மறுப்பது தப்பில்லை. வெயிலும் ஈரப்பதமும் அங்கே அதிகம். காலையிலேயே இறங்கி, மதியத்துக்குள் கப்பல் திரும்பப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உங்கள் மனைவி விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. உடம்பில் நீர் குறைந்து சிறுநீரகம் மந்தமானால் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி விஷமாகும். நிலைமை கடுமையாக இருக்கும்போது அந்த வார டோஸ் வந்தால், கப்பல் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அதைவிட முக்கியம், வீட்டில் வழக்கமாக வைத்திருக்கும் செப்ட்ரான், பாக்ட்ரிம் போன்ற கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை அவர் எடுக்கவே கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்களே சரிந்துவிடும். கப்பல் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கும் வாந்தி பேதி என்றால், சுகர், பிரஷர் மாத்திரைகளில் எதை நிறுத்தி வைப்பது என்று கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து எடுத்துப் போங்கள்.

மாத்திரைகள் எப்போதும் தோள் பையில் இருக்கட்டும். கப்பல் ஏறும்போது பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். இறங்குவதற்கு முந்தின இரவும் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கடல் மயக்கத்துக்கு அவோமின் போதும். அமெரிக்காவில் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை, புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்தமோ உள்ளவர்கள் தொடக் கூடாது.

கப்பல் மருத்துவமனைக் கட்டணம் மிக அதிகம். பயணக் காப்பீட்டில் குரூஸ், கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துச்செல்லும் செலவு, உங்கள் சுகரும் மனைவியின் முடக்குவாதமும் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நோயைச் சொல்லாமல் எடுத்த பாலிசி காகிதம்தான்.

ஊருக்கு வந்து 2 வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள், புரூஃபன் வேண்டவே வேண்டாம். மருத்துவர் என்ன என்று கேட்பதற்கு முன்பே, பனாமாவும் கொலம்பியாவும் போய் வந்ததையும் தேதிகளையும் சொல்லிவிடுங்கள்.