ஜெமிங்காவைக் காட்டிக்கொடுத்த துடிப்பு

அன்புள்ள ஐயா,

ஃபெர்மி விண்கலம் பதிவு செய்த காமா கதிர் மூலங்களில் கால்வாசிக்கு மேல் என்னவென்றே தெரியவில்லை என்று வாசித்தேன். திசைதான் தெரிகிறதே, பெரிய தொலைநோக்கியை அங்கே திருப்பிப் பார்த்தால் என்ன? இவை, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் இருண்ட பொருளாக இருக்குமோ?

க.

அன்புள்ள க.,

திருப்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் திசை அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. காமா கதிரைக் கண்ணாடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. ஃபெர்மிக்குள் அது டங்ஸ்டன் தகட்டில் பட்டு எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாகிறது. அவை ஓடிய தடத்தை வைத்து வந்த வழியைக் கணக்கிடுகிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது வானில் ஒரு வட்டம். அதற்குள் எத்தனையோ விண்மீன்கள், அண்டங்கள்.

மிதுன ராசியிலுள்ள ஜெமிங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமா வானில் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்று. 1970களில் சாஸ்-2 விண்கலம் கண்டது. ரேடியோவில் பொருத்தமான எதுவும் அகப்படவில்லை. 1983ல் ஜியோவானி பிக்னாமி, பத்ரீசியா கராவேயோ குழுவினர் அந்த வட்டத்துக்குள் ஓர் எக்ஸ் கதிர்ப் புள்ளியைச் சுட்டினார்கள். பிறகு அங்கே மிக மங்கலான ஒரு விண்மீனும் தென்பட்டது. ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1992ல் ஜூல்ஸ் ஹால்பெர்னும் ஸ்டீஃபன் ஹோல்ட்டும் ரோசாட் என்ற எக்ஸ் கதிர் விண்கலத்தின் பதிவுகளில் 0.237 நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பைக் கண்டார்கள். அதே துடிப்பு காமா கதிரிலும் கிடைத்தது. ஜெமிங்கா ஒரு பல்சார், அதாவது சுழன்றபடி துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். காஸ்-பி, சாஸ்-2 கலங்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் துடிப்பு இருந்தது. ஒரு ஃபோட்டான் வந்து அடுத்தது வருவதற்குள் ஜெமிங்கா ஆயிரக்கணக்கான முறை சுழன்றுவிடும். தாளம் தெரியாமல் அதைப் பிடிப்பது அன்று இயலாத காரியம். தாளம் தெரிந்தபின், ஒவ்வொரு ஃபோட்டானும் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று அடுக்கினால் முகடுகள் எழுந்துவிடுகின்றன.

இருண்ட பொருள் என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். அதிலிருந்து எதிர்பார்க்கப்படும் நிறமாலையும் பல்சாரின் நிறமாலையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதலில் பல்சார் இல்லை என்று உறுதியாக வேண்டும், அது எளிதல்ல. மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியால், அடையாளம் தெரியாத ஒரு ஃபெர்மி மூலத்தில் 2.16 மில்லிநொடியில் சுழலும் பல்சாரைக் கண்டுபிடித்து 2013ல் அறிவித்தார்கள். அதன் துணைவிண்மீனிலிருந்து கிளம்பும் வாயு, 2.9 மணி நேரச் சுற்று ஒவ்வொன்றிலும் குறைந்த அதிர்வெண்களில் துடிப்பைச் சிறிது நேரம் மறைத்துவிடும். தவறான வேளையில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள்.