எல்.எஃப்.பி. பேட்டரி தீயே பிடிக்காதா?

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் மாட்டலாம் என்று இருக்கிறோம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை) என்றால் தீயே பிடிக்காது என்கிறார் விற்பவர். நண்பரோ, லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் இயங்கும் சோடியம் அயான் பேட்டரிதான் பாதுகாப்பு, பொறுத்திரு என்கிறார். எதை வாங்குவது? மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் தப்பி ஓட வேண்டிய வழி அது.

"தீயே பிடிக்காது" என்பது விற்பனைப் பேச்சு. நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரியைவிட எல்.எஃப்.பி. சூட்டை நன்றாகத் தாங்கும், அதனால் வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்று கெட்டுச் சூடேறினால் வால்வு திறந்து வெண்புகை வரும், அதில் ஹைட்ரஜனும் உண்டு. அது பற்றிக்கொண்டால் தீ, பற்றாமல் மூடிய இடத்தில் தேங்கி அப்புறம் ஒரு பொறி பட்டால் வெடி. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு மின்சேமிப்பு நிலையத்தில் இதுதான் நடந்தது (அங்கே இருந்தது நிக்கல் வகை): உள்ளே தீயணைக்கும் வாயு அடித்தும் எரியும் வாயு தேங்கியே இருந்தது, சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள்.

சோடியம் அயானுக்காகக் காத்திருக்க வேண்டாம். முழுவதும் காலி செய்து பூஜ்ய வோல்ட்டில் அனுப்பலாம் என்பது அதன் நிஜமான நன்மை, ஆனால் அது பேட்டரியை வண்டியில் ஏற்றி இறக்குபவர்களுக்குத்தான் அதிகம் உதவும். வீட்டில் சார்ஜ் ஏறியபின் பெரும்பாலான செல்களில் இருப்பது அதே மாதிரி எரியும் திரவம்தான். திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருக்கும் 'சாலிட் ஸ்டேட்' என்று விற்பதிலும் கொஞ்சம் திரவமோ ஜெல்லோ இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? ஐஇசி 62619 (லித்தியம் பேட்டரிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம்) சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். 'யூஎல் 9540ஏ பாஸ்' என்று பெருமையாகச் சொன்னால் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அது ஒரு சோதனை முறை, சான்றிதழ் இல்லை. ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குப் பரவியதா என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. பழைய மின்வண்டி செல்களைப் பிரித்துக் கட்டிய பேக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம்விட நான் கவலைப்படுவது உங்கள் பழைய இன்வெர்ட்டரைப் பற்றி. அது ஆசிட் பேட்டரிக்கானது, அவ்வப்போது 'ஈக்வலைசேஷன்' (செல்களைச் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) என்று 15 வோல்ட்டுக்கு மேலேகூட ஏற்றலாம். 12.8 வோல்ட் எல்.எஃப்.பி. பேக்குக்கு 14.6 வோல்ட்தான் உச்சம். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பி.எம்.எஸ். துண்டித்துவிடும் என்பார்கள், துண்டிக்கும்தான், ஆனால் அது அவசரத்துக்கு இருப்பது, தினமும் அதன் தலையில் கட்டக் கூடாது. லித்தியம் செட்டிங் இல்லாத இன்வெர்ட்டர் என்றால் அதையும் மாற்றுங்கள், இல்லையேல் ஆசிட் பேட்டரியிலேயே இருங்கள்.

வைத்தபின் என்றைக்காவது பெட்டி உப்பினால் சார்ஜை நிறுத்தி, விற்றவரைக் கூப்பிடுங்கள். புகை வந்தால் அந்த அறைக் கதவைத் திறந்து பார்க்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், தீயணைப்புத் துறையிடம் எடுத்தவுடனே லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள்.