குறித்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: 76 வயதான என் தாயாரை மருத்துவமனை ஒன்றின் நிபுணர் மருந்தகத்துக்கு (கிளினிக்), காலை 9.30 மணிச் சந்திப்புக்காக விடுப்பு எடுத்து அழைத்துச் சென்றேன். பதிவு இயந்திரம் வரிசை எண் தரவில்லை. முகப்பில் நாற்பது நிமிடம் நின்ற பிறகுதான், சந்திப்பு அடுத்த மாதத்துக்கு மாற்றப்பட்டதாகவும் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டதாகவும் சொன்னார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியை அவர் திறக்கவே இல்லை. வேறு தேதி கேட்டதற்கு, “செயலியில் பாருங்கள்” என்றார் முகப்பில் இருந்த பெண். நான் குரலை உயர்த்தினேன். ஊழியர்களை ஏசக்கூடாது என்று சுவரில் இருந்த எச்சரிக்கையை அவர் சுட்டிக்காட்டினார். நோயாளிகளிடம் பேசும் முறையை இவர்களுக்கு யாருமே கற்றுத்தருவதில்லையா?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதை நீங்கள் காட்டிய இடம்தான் தவறு. மருத்துவரின் அட்டவணையை முகப்பில் இருந்த பெண் மாற்றவில்லை. மருத்துவர் விடுப்பில் சென்றாலோ அவசர அறுவை சிகிச்சைக்கு அழைக்கப்பட்டாலோ அன்றைய சந்திப்புகள் மொத்தமாக நகர்த்தப்படுகின்றன. அந்த முடிவு எங்கோ எடுக்கப்பட, அதைச் சொல்ல வேண்டிய சங்கடம் மட்டும் முகப்புக்கு வந்து சேர்கிறது. சுகாதார ஊழியர்களை ஏசுவதையும் துன்புறுத்துவதையும் சற்றும் பொறுத்துக்கொள்வதில்லை என்று சுகாதார அமைச்சு 2023 டிசம்பரில் அறிவித்த கொள்கையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். அந்தப் பெண்ணை மறுபடி சந்தித்தால் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். ஆனால், “என் தாயாரை எப்போது மருத்துவர் பார்ப்பார்?” என்ற கேள்விக்குச் சுவரில் ஒட்டிய எச்சரிக்கை பதிலாகாது. விளக்கம் சொல்லும் அதிகாரத்தைத் தன் ஊழியருக்குத் தராமல், எச்சரிக்கையைக் காட்டும் நிலையில் அவரை உட்காரவைத்த நிர்வாகம் உங்கள் இருவரையுமே கைவிட்டிருக்கிறது.

சந்திப்பு நேரம் என்பது மருத்துவமனை கொடுக்கும் வாக்கு. நோயாளிகள் அனைவரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி உட்காரவைக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, வெல்ச், பெய்லி என்ற ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டனில் 1952ஆம் ஆண்டு ஒரு முறையை முன்வைத்தனர். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒரு சந்திப்புக்குச் சராசரியாக ஆகும் நேர இடைவெளியில் அழைத்தால், மருத்துவரும் வெறுமனே இருக்க நேராது, நோயாளியின் காத்திருப்பும் வெகுவாகக் குறையும் என்பது அவர்களின் கணக்கு. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சந்திப்பு முறையின் அடிப்படைக் கேள்வி அதுவேதான்: மருத்துவரின் ஒரு நிமிடத்துக்கு ஈடாக நோயாளியின் எத்தனை நிமிடங்களைச் செலவிடலாம்? உங்கள் விடுப்பு நாளும், உங்கள் தாயார் நின்ற நாற்பது நிமிடமும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பலதுறை மருந்தகத்தின் (அரசாங்கப் பொதுச் சிகிச்சை நிலையம்) பரிந்துரையோடு, அரசாங்க மானியத்துடன் நிபுணரைப் பார்க்கச் செல்பவர் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. கொடுத்த தேதியை ஏற்றுக்கொண்டுதான் காத்திருக்கிறார். அப்படிக் காத்திருப்பவரிடம் தேதி மாறியதைச் சொல்ல ஒரே ஓர் ஆங்கிலக் குறுஞ்செய்தி எப்படிப் போதும்? தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதிலும் இப்போது, குறுஞ்செய்தியை எளிதில் நம்ப வேண்டாம், அதில் வரும் இணைப்பைத் தொட வேண்டாம் என்று மூத்தோரிடம் நாமெல்லோரும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அறிவுரையைக் கேட்டு நடந்த ஒரு தாயார் அதற்காகவே தன் முறையை இழப்பது என்ன நியாயம்? சென்ற ஆண்டு என் அக்காவுக்கும் இப்படித் தேதி மாறியது. அந்த மருத்துவமனையின் தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அக்காவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று தெரிந்ததும் தமிழ் பேசும் சக ஊழியரிடம் பேசியைக் கொடுத்து, இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை.

மருத்துவமனையின் கருத்துப் பிரிவுக்கு எழுதுங்கள். சென்ற நாள், மருந்தகம், குறுஞ்செய்தி வந்த தேதி, முகப்பில் கிடைத்த பதில் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்திருந்தாலும் எழுத வேண்டாம். முதியவருக்குத் தேதி மாற்றத்தைத் தொலைபேசியில் அழைத்து ஏன் சொல்லவில்லை, மாற்றுத் தேதி தரும் அதிகாரம் முகப்பில் யாருக்கு இருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தாயாரின் பதிவில் உங்கள் கைப்பேசி எண் ஏன் இல்லை? மருத்துவப் பதிவுகளையும் சந்திப்புகளையும் காட்டும் ஹெல்த்ஹப் செயலியில் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொண்டால் அவருடைய சந்திப்புகளை உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதற்கு அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வேண்டும். அதில் தாயாருக்குச் சிரமம் இருந்தால் சமூக மன்றங்களில் மின்னிலக்கச் சேவைகளைப் பயன்படுத்த உதவும் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்து செய்துகொடுப்பார்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம்வரை தாயாரின் உடல்நிலை தாங்காது என்று தோன்றினால், செயலியில் காலி இடம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தந்த பலதுறை மருந்தக மருத்துவரிடம் அவரை நாளையே அழைத்துச் சென்று காட்டுங்கள். நோய் முற்றியிருப்பதாகக் கருதினால், முன்கூட்டியே பார்க்கும்படி நிபுணர் மருந்தகத்தைக் கேட்க அந்த மருத்துவரால் முடியும்.