மெட்ரிக் எழுதாத மகனுக்கு டர்பனில் என்ன வழி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, லேசான அறிவுத்திறன் குறைபாடு. சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். இந்த ஆண்டோடு பள்ளி முடிகிறது, மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுத மாட்டான். சமையலறை வேலை என்றால் உயிர். கொடுத்ததை அழகாக அடுக்கி வைப்பான். "கிராண்ட் (அரசின் மாத உதவிப்பணம்) வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் மாமனார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. ஆனால் அவன் பள்ளியில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். ஆசிரியர், தெரபிஸ்ட், சமூக சேவகர் எல்லாரும் இப்போது ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். டிசம்பருக்குப் பிறகு ஒவ்வொருவரையும் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.

முதலில் காகிதங்கள். 2014-இல் வந்த சியாஸ் (SIAS) என்ற கல்விக் கொள்கைப்படி, உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் எஸ்என்ஏ (SNA) என்ற உதவித் தேவை மதிப்பீட்டுப் படிவங்கள் நிரப்ப வேண்டும். அவற்றின் நகலையும் உளவியல் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கூடவே, அவன் தனியாகச் செய்வது எது, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வது எது, எப்படிச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை கொடுப்பவர் தடித்த அறிக்கையைப் புரட்டமாட்டார், இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்.

எல்லாரும் சொல்லப்போவது டிவெட் காலேஜ், அதாவது அரசுத் தொழிற்கல்விக் கல்லூரி. டர்பன் பக்கம் தெக்வினி, கோஸ்டல், எலாங்கேனி இருக்கின்றன. கிரேடு 9 முடித்தவர்கள் அங்கே என்சிவி (NCV) என்ற தொழிற்கல்விச் சான்றிதழ்ப் படிப்பின் இரண்டாம் நிலையில் சேரலாம். ஆனால் அதில் ஏழு பாடங்கள். மொழியும் கணிதமும் கட்டாயம், தேர்வு எழுதியாக வேண்டும். காது கேளாத பிள்ளைக்கும், எழுத்துதான் தடுமாற்றம் ஆனால் புரிதல் நன்றாக உள்ள பிள்ளைக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். (அந்தப் பெற்றோர் கவனிக்க: என்எஸ்ஃபாஸ் (NSFAS) என்ற அரசு மாணவர் நிதியுதவிக்குக் குடும்ப வருமான வரம்பு 3,50,000 ராண்ட் என்றாலும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது 6,00,000.) உங்கள் மகனுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். முதல் தேர்வில் தோற்று வீடு திரும்பினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

எனக்குச் சரியென்று படுவது லேர்னர்ஷிப், அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சி. பெரும்பாலும் ஒரு வருடம், பாதி வகுப்பு, பாதி வேலையிடம். கற்பவர், நிறுவனம், பயிற்சி தருபவர் மூவரும் ஒப்பந்தம் போடுவார்கள், மாதா மாதம் சிறு உதவித்தொகையும் உண்டு. தொடக்க நிலைகளுக்கு மெட்ரிக் தேவையில்லை. நிறுவனங்களும் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவில், மாற்றுத்திறனாளி ஒருவரைச் சேர்த்தால் ஆண்டுக்கு 60,000 ராண்ட் வரிக்கழிவு, அவர் முடித்தால் இன்னொரு கழிவு. 2027 மார்ச் 31 வரை போடும் ஒப்பந்தங்களுக்கு இது உண்டு. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஹோட்டல் சமையலறை, சூப்பர்மார்க்கெட் பேக்கிங், பேக்கரி எல்லாம் அவனுக்கு ஒத்துவரும். லேபர் சென்டரில் (வேலை தேடுவோர் பதியும் அரசு அலுவலகம்) பெயர் பதியவும் கட்டணம் இல்லை. "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" என்று யாராவது கை நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். வகுப்பு எங்கே, வேலை எங்கே, எத்தனை டாக்ஸி மாற வேண்டும் என்றும் கேளுங்கள். உதவித்தொகையில் பாதி டாக்ஸிக்கே போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வெளி வேலையின் வேகம் அவனுக்கு ஒத்துவராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் ஆதரவு வேலைவாய்ப்புத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 1943-இல் தொடங்கியவை. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உண்டு. தையல், மரவேலை மாதிரி வேலைகள். காலி இடம் எப்போதும் இருக்காது.

சரி, மாமனார் சொல்லும் கிராண்ட். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான பராமரிப்பு கிராண்ட் (கேர் டிபென்டென்சி) வாங்கிக்கொண்டிருந்தால் 18 வயதோடு அது நின்றுவிடும், தானாக மாறாது. கிராண்ட் வழங்கும் அரசு நிறுவனமான சாசாவில் (SASSA) மாற்றுத்திறனாளி கிராண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. இன்னொன்று: சின்ன வயதில் உங்கள் சம்பளத்தைக் காட்டி மறுத்திருந்தால் மனம் தளர வேண்டாம். 18-க்குப் பிறகு அவனுடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல. ஆனால் லேசான குறைபாடு என்றால் "வேலை செய்ய முடியும்" என்று டாக்டர் எழுதிவிடவும் கூடும். அதாவது மாமனாரின் திட்டமே உறுதியில்லை. லேர்னர்ஷிப் பணம் வந்தால் கிராண்ட் உடனே போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம். அவன் வருமானம் சாசாவின் வரம்புக்குள் இருந்தால் தொடரும். ஆனால் வருமானத்தை மறைக்காமல் சாசாவிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த விடுமுறையில் அவனை வாரம் இரண்டு காலை வேலைக்கு அனுப்பிப் பாருங்கள். சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் தெரிந்தவர் கடை இருந்தால் காய்கறி பிரித்து அடுக்கட்டும், இல்லையென்றால் சொந்தக்காரர் டேக்அவேயில் வெங்காயம் உரிக்கட்டும். எத்தனை மணி நேரம் நின்றான், எங்கே குழம்பினான், யார் சொன்னால் கேட்டான் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது ஆசிரியர் தந்த அந்த ஒரு பக்கத்தோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.