பிப்பெட் யார் கையில்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 22 வயது. சிங்கப்பூரில், உட்லண்ட்சில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல் சயின்ஸ் டிப்ளமா முடித்தேன். தேசிய சேவை இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு சின்னத் தனியார் கல்லூரி, பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் பயோமெடிக்கல் பட்டப்படிப்புக்கு இடம் தந்திருக்கிறது. வகுப்பில் 25 பேர்தான். "பேர் தெரியாத காலேஜில் போய்ப் பணத்தைக் கொட்டணுமா?" என்கிறார் அப்பா. அம்மாவுக்கோ நான் எப்படியாவது டாக்டராகிவிட வேண்டும். சேரலாமா?

பதில்: தம்பி, அப்பாவின் கேள்வியில் பணத்தைப் பற்றிய பாதி நியாயம். பெயரைப் பற்றிய பாதியை விடுங்கள். பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்யாணத்தில் "எந்த யூனி தம்பி?" என்று விசாரிக்கிற யாரும் உங்களுக்கு வேலை தரப்போவதில்லை.

என் கதையைக் கேளுங்கள். நான் பத்தொன்பது வருடம் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். படித்ததெல்லாம் பெரிய வகுப்பில். டிஎன்ஏ துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டும் செய்முறைக்கு நால்வருக்கு ஒரு ஜெல். எங்கள் நால்வரில் கை சுத்தமான பெண் ஒருத்தி இருந்தாள், துளித் துளியாகத் திரவத்தை அளந்து உறிஞ்சி ஊற்றும் பிப்பெட் எப்போதும் அவள் கையில்தான். நான் அட்டவணை போட்டேன், அறிக்கை எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே குட்டு வெளிப்பட்டது. பிப்பெட்டை அமுக்கினால் இரண்டு நிறுத்தம் வரும். உறிஞ்சும்போது முதல் நிறுத்தத்தோடு நிற்கவேண்டும், வெளியே தள்ளும்போதுதான் இரண்டாவது வரை. நான் உறிஞ்சும்போதே அடிவரை அமுக்கிவிட்டேன், மாதிரி அளவுக்கு மேல் ஏறிவிட்டது. அப்புறம் கை நடுங்கி, முனை போய் ஜெல் குழியின் அடியைக் குத்தியது. நீலச் சாயம் புகை மாதிரி அடியில் பரவியதை இன்றைக்கும் மறக்கவில்லை. பக்கத்திலிருந்த மூத்த சீனப் பெண்மணி திட்டவில்லை. பழைய ஜெல் ஒன்றையும் ஒரு குழாய் சாயத்தையும் கொடுத்து, மத்தியானம் முழுக்க அதையே செய்யச் சொன்னார். நாலு வருடப் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

25 பேர் வகுப்பில் இது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று விரிவுரையாளர் பார்ப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு நற்சான்றுக் கடிதம் கேட்டால் உங்களை யோசித்துத் தேட வேண்டியிருக்காது. ஆனால் சின்ன இடம் என்றாலே நல்லது என்றும் இல்லை. சில இடங்களில் உயிரணு வளர்க்கும் அறை இருக்காது, இருக்கிற கருவியும் மாணவர் கைக்கு வராது. பகுதிநேரமாக வரும் விரிவுரையாளர் வகுப்பு முடிந்ததும் எம்ஆர்டி ரயில் ஏறிவிடுவார். அதனால் அவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது இது: கடைசி வருட ப்ராஜெக்டை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்களா, இல்லை கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து எழுதுகிறார்களா? போன வருட ப்ராஜெக்ட் தலைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் லேப்பில் நின்றவர் நீங்கள். அங்கே தொட்டதைவிட இங்கே குறைவாகத்தான் தொடப்போகிறீர்கள் என்றால், அப்பா சொல்வதுதான் சரி.

இரண்டாவது, அங்கீகாரம். தனியார் கல்லூரிகளைப் பதிவு செய்வது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பு. பதிவு பெற்றதாலேயே பாடத்தின் தரத்துக்கு அரசாங்கம் சான்று தந்துவிட்டதாக ஆகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எதிர்காலத்தில் பிரிட்டன் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ள, சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி மன்றத்தில் பதிவு வேண்டும். அந்தத் துறையின் தொழில்முறை அமைப்பான ஐபிஎம்எஸ் அங்கீகரித்த பட்டம் அதற்கு வழக்கமான வழி. அந்த அங்கீகாரம் லண்டனிலோ மான்செஸ்டரிலோ நடக்கும் பாடத்துக்கு மட்டுமா, சிங்கப்பூரில் நடத்துவதற்கும் சேர்த்தா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணம்: அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் கல்விக் கட்டண மானியம் இங்கே கிடையாது. அப்பாவின் மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) கல்விக் கடன் எடுப்பதும் பொதுவாக நடக்காது. முழு வெள்ளியும் கையிலிருந்துதான். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால், வழக்கமான மாணவர் ஒப்பந்தத்தில் 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பயோமெடிக்கல் படிப்பு மருத்துவத்துக்குக் கொல்லைப்புற வாசல் அல்ல. எந்தத் துறையிலாவது பட்டம் வாங்கியவர்களைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007 முதல் மாணவர்களை எடுக்கிறது, உண்மை. அதற்கு எம்கேட் அல்லது கேம்சேட் தேர்வு எழுதவேண்டும், போட்டியும் சாதாரணமில்லை. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர்ந்தால் மூன்று வருடமும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள்.

ரத்தமும் திசுவும் கிருமியும் உண்மையிலேயே பிடிக்கும் என்றால் சேருங்கள். மருத்துவமனை லேப், துவாஸ் பக்கம் மருந்துத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாடு, பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் ஆய்வு உதவியாளர் என்று வேலைகள் உண்டு. ஷிஃப்டும் ஒப்பந்த வேலையும் சகஜம், அதையும் தெரிந்துகொண்டே போங்கள். தேசிய சேவை முடிகிற சமயம்தானே, எஸ்ஐடி என்கிற சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் கதிர்ப்படத் துறை, உணவுத் தொழில்நுட்பம் மாதிரி படிப்புகள் உங்கள் டிப்ளமாவுக்குத் தூரம் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒருநாள் அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். வரவேற்பறையைச் சுற்றிக் காட்டுவார்கள், அது வேண்டாம். செய்முறை வகுப்பு நடக்கிற நேரத்தைக் கேட்டுப் போங்கள். ஒரு ஜெல்லுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், பிப்பெட் கைமாறுகிறதா என்று கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்புப் போட்டு வந்தால் லேப்புக்குள் விடமாட்டார்கள், ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்போடு வந்தும் விட்டுவிட்டார்கள் என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.